காயங்களுக்குப் பொறுப்பான துறை எது?

சாலையில் மோதி இறப்பவர்கள், ஆற்றிலும் கிணற்றிலும் மூழ்கி இறப்பவர்கள், தீப்புண்ணால் இறப்பவர்கள், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் முடிந்துபோகும் முதியவர்கள், நஞ்சாலும் பாம்புக்கடியாலும் வன்முறையாலும் தற்கொலையாலும் மாள்பவர்கள் ஆகிய அனைவரையும் பொதுச் சுகாதாரவியல் ‘காயத்தால் இறந்தோர்’ என்ற ஒரே வகையில் சேர்த்துக் கணக்கிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 44 லட்சம் பேர் இவ்வாறு இறக்கின்றனர். இது உலகில் நிகழும் எல்லா இறப்புகளிலும் சுமார் 8 விழுக்காடு. ஐந்து வயது முதல் 29 வயது வரையிலானோரின் உயிரைப் பறிப்பவற்றில் காய்ச்சலையும் புற்றுநோயையும் பின்னுக்குத் தள்ளி முதலிடத்தில் நிற்பது சாலைக் காயமே. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும், அதே ஆண்டில் 1,70,924 பேர் தற்கொலையாலும் சுமார் 38,000 பேர் நீரில் மூழ்கியும் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகமும் பதிவு செய்துள்ளன. இந்த மூன்று காரணங்களை மட்டும் கூட்டினாலே எண்ணிக்கை மூன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டுகிறது.

இந்த எண்ணின் அளவை உணர, இந்நாட்டில் காசநோயால் ஆண்டுதோறும் இறப்போரின் எண்ணிக்கை மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டும் என்ற மதிப்பீட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். காசநோய்க்கு 1962 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் அதற்கென மருத்துவப் பணிகள் துணை இயக்குநர் ஒருவர் இருக்கிறார். ஆய்வகமும் மருந்துக் கையிருப்பும் நோயாளிப் பதிவேடும் இருக்கின்றன. ஒருவர் மருந்தை இடையில் நிறுத்திவிட்டால் அவர் வீட்டுக்கே சென்று விசாரிக்கப் பணியாளர் இருக்கிறார். அதைக் காட்டிலும் அதிகமானோரைக் கொல்லும் காயங்களுக்கு எந்த மாவட்டத்திலும் அப்படி ஒரு பொறுப்பாளர் இல்லை. சாலை மரணம் காவல் துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும், மூழ்கியவரின் உடல் தீயணைப்புத் துறைக்கும், தொழிற்சாலை விபத்து தொழிலகப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும், பூச்சிமருந்து வேளாண் துறைக்கும் பிரிந்து போய்விடுகின்றன. சுகாதாரத் துறைக்கு எஞ்சுவது அவசர சிகிச்சைப் பிரிவும் பிணவறையும்தான்.

இந்தப் புறக்கணிப்புக்கு நிதிப் பற்றாக்குறையைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. காயம் என்பது விதியால் வருவது அல்லது யாரோ ஒருவரின் கவனக்குறைவால் வருவது என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றி ஆட்சியாளர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. விதி என்றால் செய்வதற்கு ஏதுமில்லை. கவனக்குறைவு என்றால் குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தண்டித்தால் போதும். காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கை இந்த இரண்டாவது எண்ணத்தின் சட்ட வடிவம். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிய ஓட்டுநரின் பெயர் அதில் கிடைத்துவிடுகிறது. அந்த வளைவில் விளக்கில்லை என்பதோ, அதே இடத்தில் அதற்கு முன் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதோ, சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் ஒளிதிருப்பும் பட்டை ஒட்டப்படவில்லை என்பதோ அதில் இடம்பெறுவது அரிது. தண்டனை தேவையே, ஆனால் தண்டனையோடு விசாரணை முடிந்துவிடும்போது அடுத்த மரணத்துக்கான ஏற்பாடு அப்படியே மிஞ்சிவிடுகிறது.

இந்தப் பார்வையை அறிவியல் முறையில் மறுத்த முதன்மையானவர்களுள் ஒருவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜான் கார்டன். காலராவும் மலேரியாவும் குறிப்பிட்ட வயதினரிடமும் இடங்களிலும் பருவங்களிலும் மிகுந்து காணப்படுவதைப் போலவே காயங்களும் வரையறுத்துச் சொல்லக்கூடிய ஒழுங்குகளோடு நிகழ்கின்றன என்றும், ஆகவே நோய்களை ஆராயும் அதே முறையால் அவற்றையும் ஆராயலாம் என்றும் அவர் 1949-இல் எழுதினார். பின்னர் பஞ்சாபின் கன்னா வட்டாரத்தில் நடந்த நீண்டகால மக்கள்தொகை ஆய்வில் பங்கேற்ற அவர், அங்குள்ள கிராமங்களில் நேர்ந்த காயங்களையும் அதே கண்கொண்டு ஆராய்ந்தார் என்பது இந்திய வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி. இந்நாட்டுக் கிராமங்களின் காயங்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுப் பொருளாகிவிட்டன. அரசின் வேலைத்திட்டமாக ஆவதற்குத்தான் இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

கார்டன் தொடங்கியதை முழுமையான கோட்பாடாக்கியவர் மருத்துவரும் நோய்ப்பரவல் ஆய்வாளருமான வில்லியம் ஹேடன். மலேரியாவுக்குக் காரணம் ஒட்டுண்ணி என்றால் காயத்துக்குக் காரணம் எது என்ற கேள்விக்கு, உடல் தாங்கக்கூடிய அளவை மீறிப் பாயும் ஆற்றலே காரணம் என்பது இத்துறை கண்ட விடை. ஓடும் வாகனத்தின் இயக்க ஆற்றல், கொதிக்கும் எண்ணெயின் வெப்பம், மின்கம்பியின் மின்சாரம், நஞ்சின் வேதியியல் ஆற்றல் என வடிவங்கள் மாறினாலும் உடலுக்கு நேர்வது ஒன்றே. நீரில் மூழ்குபவருக்கு மூச்சுக்காற்று தடைபடுவதையும் இதே வரிசையில் வைத்தார்கள். கொசு ஒட்டுண்ணியைச் சுமந்து வருவதுபோல வாகனமும் அடுப்பும் இயந்திரமும் இந்த ஆற்றலைச் சுமந்து வருகின்றன. எனவே மனிதர் தவறே செய்யாமலிருக்க வேண்டும் என்று காத்திராமல், அந்த ஆற்றல் உருவாவதைக் குறைக்கலாம், வெளிப்படும் வேகத்தைத் தணிக்கலாம், மனித உடலுக்கும் அதற்கும் இடையே ஒரு தடுப்பை வைக்கலாம், சேதமான பின் விரைவாக உடலை மீட்கலாம். ஹேடன் வரைந்த அட்டவணை இதையே ஒன்பது கட்டங்களாக்கியது. நிகழ்வுக்கு முன், நிகழும் கணம், நிகழ்ந்த பின் என்னும் மூன்று காலங்கள் ஒரு பக்கம். மனிதர், ஆற்றலைச் சுமக்கும் பொருள், சூழல் என்னும் மூன்று கூறுகள் மறுபக்கம்.

தமிழ்நாட்டின் எந்த நான்குவழிச் சாலையையும் இந்த அட்டவணைக்குள் வைத்துப் பார்க்கலாம். ஊரை இரண்டாகப் பிளந்து செல்லும் நெடுஞ்சாலையில் ஒருபுறம் வீடுகளும் மறுபுறம் பள்ளியோ வயலோ கோயிலோ இருக்கின்றன. சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நடந்து செல்வோர் நடுத்திட்டின் இடைவெளி வழியாகவே கடக்கின்றனர். இருசக்கர வாகன ஓட்டி எதிர்த்திசையில் சிறிது தூரம் வந்து திரும்புகிறார். முதல் தகவல் அறிக்கைக்கு இது விதிமீறல் மட்டுமே. ஹேடனின் அட்டவணையோ, ஊர் இருக்கும் இடத்தில் வாகனங்களின் வேகத்தைக் குறைக்கும் சாலை அமைப்பு ஏன் இல்லை, கடக்கும் வழி மக்கள் நடக்கும் பாதையில் ஏன் அமையவில்லை, மோதும் கணத்தில் தலையைக் காக்கும் கவசம் இருந்ததா, லாரியின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் தடுப்புக் கம்பி இருந்ததா, அடிபட்டவர் எத்தனை நிமிடத்தில் ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையை அடைந்தார் என்று ஒன்பது பக்கங்களிலிருந்தும் கேட்கிறது. வேகத்தைப் பொறுத்தவரை கணக்கு மிகத் தெளிவானது: சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி மோதல்களின் வாய்ப்பு சுமார் நான்கு விழுக்காடு கூடுகிறது; மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரால் மோதப்படும் பாதசாரியைவிட 65 கிலோமீட்டர் வேகத்தில் மோதப்படுபவர் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நாலரை மடங்கு. இந்தியச் சாலைகளில் 2022-இல் இறந்தோரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள் என்பதையும், நாட்டின் சாலை நீளத்தில் சுமார் இரண்டு விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் மரணங்களின் மூன்றிலொரு பங்குக்கும் மேல் நிகழ்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், யாருடைய வசதிக்காகச் சாலை போடப்படுகிறது, யாருடைய உயிர் அதற்கு விலையாகிறது என்பது விளங்கும்.

ஹேடன் 1966-இல் அமெரிக்காவின் புதிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவரானார். இருக்கைப் பட்டை, மோதலில் ஓட்டுநரின் மார்பைத் துளைக்காமல் மடங்கிக்கொள்ளும் திசைமாற்றித் தண்டு, மெத்தை வைத்த முகப்புப் பலகை ஆகியவை அதன்பின் கட்டாயமாயின. பத்துக் கோடி மைல் வாகனப் பயணத்துக்கு 1966-இல் 5.5 ஆக இருந்த மரணங்கள் இன்று ஏறத்தாழ 1.3 ஆகக் குறைந்துள்ளன. அந்நாட்டு ஓட்டுநர்கள் திடீரென ஒழுக்கசீலர்களாக மாறிவிட்டதால் இது நிகழ்ந்துவிடவில்லை.

இக்கோட்பாட்டுக்கு மிக வலிமையான சான்று தமிழர்களுக்கு மிக அருகில், இலங்கையில் இருக்கிறது. 1990-களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக அதிகமாயிருந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 47 பேர் என்ற நிலையை 1995-இல் அது எட்டியது. போர், வறுமை, கடன், குடும்பப் பூசல் என்று காரணங்கள் பல பேசப்பட்டன. அவை எவையும் பொய்யல்ல. ஆனால் மருத்துவமனைப் பதிவுகளைக் கூர்ந்து நோக்கியவர்கள் வேறொன்றையும் கண்டனர். நஞ்சருந்தி வருபவர்களில் பலர் நெடுநாள் திட்டமிட்டுச் சாக முடிவெடுத்தவர்கள் அல்லர். ஒரு சண்டைக்குப் பின் எழுந்த குறுகிய நேரக் கொந்தளிப்பில், வீட்டுத் தாழ்வாரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை எடுத்தவர்கள். அவ்விடத்தில் இருந்தது மனிதருக்கு மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்தாக இருந்ததே அவர்கள் திரும்பி வராததற்குக் காரணம்.

இலங்கையின் பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகம் 1995-இல் மிகக் கொடிய நச்சு வகுப்பைச் சேர்ந்த எஞ்சியிருந்த மருந்துகளையும், 1998-இல் எண்டோசல்பானையும், 2008-க்கும் 2011-க்கும் இடையில் மேலும் மூன்று மருந்துகளையும் படிப்படியாகத் தடை செய்தது. பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியானது. இருபதாண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு வீழ்ந்தது. 1995-க்கும் 2015-க்கும் இடையில் இத்தடைகளால் காக்கப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். மக்களின் துயரம் அந்த ஆண்டுகளில் குறைந்துவிடவில்லை. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வருவோர் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தனர். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்தனர், பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறக்கவில்லை. பயிர் விளைச்சல் குறைந்துவிடும் என்ற அச்சமும் மெய்யாகவில்லை. நெல்லிலும் காய்கறியிலும் தடைகளால் நேர்ந்த வீழ்ச்சி எதையும் ஆய்வுகள் காட்டவில்லை.

தமிழ்நாடும் இவ்வழியில் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றுக்குத் தற்காலிகத் தடையும், எலிகளைக் கொல்லப் பயன்படும் நச்சுப் பசை ஒன்றுக்கு நிலையான தடையும் அண்மை ஆண்டுகளில் விதிக்கப்பட்டன. எனினும் பூச்சிமருந்துகளை நிலையாகத் தடை செய்யும் அதிகாரம் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசிடமே உள்ளது. மாநிலங்களால் குறுகிய காலத்துக்கு மட்டுமே நிறுத்தி வைக்க முடியும். மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம், 2030-க்குள் தற்கொலை மரணங்களைப் பத்து விழுக்காடு குறைப்பதையே இலக்காகக் கொண்டிருக்கிறது. ஒரு சிறிய தீவு 70 விழுக்காடு குறைத்துக் காட்டிய பின் பத்து விழுக்காட்டை இலக்காக வைப்பது போதாது. மனநல ஆலோசனை இன்றியமையாதது; 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் அதைப் பெறலாம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். ஆயினும் ஆலோசகரிடம் பேசும் நேரம் வரை அந்த உயிர் இருந்தாக வேண்டும். அந்த நேரத்தைப் பெற்றுத்தருவது நஞ்சின் மீதான கட்டுப்பாடுதான்.

அதே இலங்கையில் விஜய கொடகும்புர என்ற அறுவை மருத்துவர், மின்சாரமில்லாத வீடுகளில் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டு எரிக்கும் விளக்குகள் கவிழ்ந்து தீப்பற்றியதால் சிதைந்த உடல்களுக்கு ஆண்டுக்கணக்கில் சிகிச்சை அளித்து வந்தார். விளக்கைக் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று அந்த ஏழை மக்களுக்கு அவர் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. குட்டையான, கனமான, இரண்டு பக்கங்கள் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாத, திருகு மூடி உள்ளதால் எண்ணெய் சிந்தாத ஒரு கண்ணாடி விளக்கை 1990-களின் தொடக்கத்தில் வடிவமைத்து மிகக் குறைந்த விலையில் பரப்பினார். இப்பணிக்கு 1998-இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. மனிதரிடம் எந்தக் கூடுதல் விழிப்பையும் கோராமல் தானாகவே காக்கும் இத்தகைய ஏற்பாட்டைப் பொதுச் சுகாதாரவியல் ‘செயலற்ற பாதுகாப்பு’ என்கிறது. பயன்படுத்துபவர் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துச் செய்ய வேண்டியதைவிட இதுவே அதிக உயிர்களைக் காக்கிறது. இந்தியாவில் கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்த உழவர்களைப் பற்றி ஆராய்ந்த தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் தினேஷ் மோகன் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியதும் இதையே. கை உள்ளே போக முடியாதபடி இயந்திரத்தின் வாயை அமைப்பது, களைத்துப்போன உழவரை எச்சரிப்பதைவிட நம்பகமானது. இயந்திரத்தைச் செய்பவர் மீது பொறுப்பைச் சுமத்தும் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இலேயே நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

எல்லாவற்றையும் செயலற்ற பாதுகாப்பாக மாற்றிவிட முடியாது என்பதும் உண்மையே. தலைக்கவசத்தை ஒருவர் எடுத்து அணிய வேண்டும். அதுவும் அரசின் உறுதியைப் பொறுத்து எவ்வளவு விரைவில் வழக்கமாகிவிடும் என்பதற்கு வியட்நாம் சான்று. இருசக்கர வாகனங்களால் நிறைந்த அந்நாட்டில் 2007 டிசம்பர் 15 முதல் எல்லாச் சாலைகளிலும் ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. பாதிப்பேர் கூட அணியாதிருந்த நிலை மாறிச் சில வாரங்களுக்குள் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அணியத் தொடங்கினர். சரியாக அணிந்த தலைக்கவசம் இறப்பு வாய்ப்பைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. இந்தியாவில் 2022-இல் தலைக்கவசமின்றி இறந்தவர்கள் 50,029 பேர். தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் கண்டிப்பான ஆணை பிறப்பித்தபோது சில மாதங்கள் நிலைமை மாறியதும், கண்காணிப்பு தளர்ந்தபோது பழைய நிலை திரும்பியதும் அனைவரும் கண்டவை. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. காலை நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்க்கும் எவருக்கும் அச்சட்டத்தின் இன்றைய கதி தெரியும். வழிச்செலவுக்கே கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு, தரச்சான்று பெற்ற சிறுவர் தலைக்கவசத்தைப் புத்தகப்பையும் காலணியும் தருவதுபோல அரசே தருவது, தண்டத்தொகை வசூலிப்பதைவிடப் பயன் தரும்.

நீரில் மூழ்குவோரைப் பற்றித் தமிழ்நாட்டில் கோடை விடுமுறையில் மட்டுமே பேச்செழுகிறது. கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டை, மணல் அள்ளியதால் ஆழம் தெரியாமல்போன ஆற்றுப்படுகை, சுற்றுச்சுவரில்லாத பாசனக் கிணறு, தடுப்பணையின் சுழல் ஆகிய இடங்கள் ஊராருக்கு முன்கூட்டியே தெரிந்தவையே. அண்டை நாடான வங்கதேசம் இதில் செய்து காட்டியதை இந்தியா கூர்ந்து கற்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வீட்டிலிருந்து சில அடி தூரத்திலுள்ள குளத்தில், தாய் சமையலிலும் வயல் வேலையிலும் ஈடுபட்டிருக்கும் முற்பகல் நேரத்திலேயே பெரும்பாலும் மூழ்குகிறார்கள் என்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதற்கான தீர்வாக ஊர்ப்பெண் ஒருவரின் பொறுப்பில், காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சிறு காப்பகங்கள் தொடங்கப்பட்டன. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சலும் மீட்கும் முறையும் கற்பிக்கப்பட்டன. அக்காப்பகங்களுக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது மிகப் பெரிய அளவில் குறைந்தது. தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் ஏற்கெனவே இயங்குகின்றன. இரண்டு வயது நிறையாத, நடக்கத் தொடங்கிவிட்ட குழந்தைகளையும் நீர்நிலைக்கு அருகிலுள்ள ஊர்களின் மையங்கள் ஏற்றுக்கொள்ளும்படி விதியையும் பணியாளர் எண்ணிக்கையையும் மாற்றினால் இந்நாட்டில் வேறெங்குமில்லாத ஒரு காப்புவலை அமைந்துவிடும்.

பேரிடர் நேர்ந்த பின் தமிழ்நாடு விழித்துக்கொண்டு செயல்பட்டதற்குக் கும்பகோணம் சான்று. 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் சமையற்கட்டில் பற்றிய தீ கூரைக் கீற்றுக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதன்பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அகற்ற முடியும் என்பது ஜூலை 15 அன்றும் உண்மையாகவே இருந்தது. நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபரில் இரண்டு வயதுச் சிறுவன் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்தபோதும், கைவிடப்பட்ட கிணறுகளை மூட வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற வழிகாட்டுதல் வெளியாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நாட்டையே உலுக்கும் மரணம் ஒன்று நேர்ந்தால்தான் ஆணை நடைமுறைக்கு வரும் என்ற நிலை, தனித்தனியாக, செய்தியாகாமல் இறக்கும் ஆயிரக்கணக்கானோரை என்றைக்கும் காக்காது.

அவர்களை முதலில் எண்ணியாக வேண்டும். பாம்புக்கடி மரணங்கள் இதற்கு நல்ல சான்று. அரசுப் பதிவுகள் ஆண்டுக்கு இரண்டாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையைக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், வீடு வீடாகச் சென்று இறப்புக்குரிய காரணத்தைக் கேட்டறிந்த பத்து லட்ச மரணங்கள் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்ற மதிப்பீட்டுக்கு வந்தது. அதன் விளைவாக 2024-இல் தேசியச் செயல்திட்டம் வந்தது. தமிழ்நாடு அதே ஆண்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. தலைக்காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் மூழ்குதலுக்கும் அதே கட்டாயம் ஏன் இருக்கக் கூடாது? கர்ப்பிணி அல்லது பிரசவித்த பெண் ஒருவர் இறந்தால், எந்த நிலையில் தாமதம் நேர்ந்தது, எங்கே ரத்தம் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு மரணத்தையும் மாவட்ட அளவில் ஆராயும் முறையைத் தமிழ்நாடு 1990-களிலேயே தொடங்கியது. இம்மாநிலம் தாய் மரணத்தைக் குறைத்ததில் அந்த ஆய்வுக் கூட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. குற்றவாளியைத் தேடாமல் குறையைத் தேடும் அந்த மேசைக்கு, ஒவ்வொரு சாலை மரணமும் ஒவ்வொரு குழந்தை மூழ்கிய நிகழ்வும் வர வேண்டும்.

சிகிச்சையில் தமிழ்நாடு செய்திருப்பது பாராட்டுக்குரியது. 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையும், 2021 டிசம்பரில் தொடங்கிய, விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும் பல குடும்பங்களைக் கடனிலிருந்தும் இழப்பிலிருந்தும் மீட்டுள்ளன. மத்திய அரசும் 2025-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சையை நாடு முழுமைக்கும் அறிவித்தது. ஆனால் சாலையில் இறப்போரில் பலர் ஆம்புலன்ஸ் வரும் முன்பே இறந்துவிடுகின்றனர். பிழைத்தோரில் பலருக்கு மூளைக்காயமும் தண்டுவடக் காயமும் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகின்றன. எலும்பு முறிவுகளைச் சரிசெய்வதையே தொழிலாகக் கொண்ட கோயம்புத்தூர் மருத்துவர் ச.இராஜசேகரன், 2012-இல் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தை நாடியதன் பொருள் இதுவே. அவ்வழக்கின் விளைவாக 2014-இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த குழு மாநிலங்களிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்கத் தொடங்கியது. நாடாளுமன்றமும் அமைச்சரவையும் செய்திருக்க வேண்டியதை நீதிமன்றக் குழு செய்ய நேர்ந்தது.

2017-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரக் கொள்கை, பயண மரணங்களைத் தடுப்பதை ஏழு முன்னுரிமைகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. 2024 செப்டம்பரில் புதுதில்லியில் நடந்த உலகக் காயத் தடுப்பு மாநாட்டையொட்டித் தற்செயல் காயங்களைத் தடுப்பதற்கான தேசிய உத்தி ஒன்றும் வெளியிடப்பட்டது. ஆவணங்களுக்குக் குறைவில்லை. தனி நிதித் தலைப்பும், இலக்குத் தவறினால் விளக்கம் கேட்கப்படும் அலுவலரும்தான் இல்லை. மக்கள் ஒழுங்காக நடந்துகொண்டால் இவை எவையும் தேவையில்லை என்று சொல்வோர் உண்டு. காலராவை ஒழித்த காலத்திலும் மக்கள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள்; காலராவை விரட்டியது குழாயில் வந்த குளோரின் கலந்த நீர். ஒழுங்கு வேண்டும், அதைக் கற்பிக்கவும் வேண்டும். தவறிய ஒரு கணத்துக்கு மரண தண்டனை விதிக்காத சாலையையும் வீட்டையும் வயலையும் அமைப்பது அரசின் கடமை.

இக்கடமையை ஏற்கத் தமிழ்நாட்டைவிடத் தகுதியான மாநிலம் இல்லை. நூறாண்டு கடந்த பொது சுகாதாரத் துறையும், மருத்துவமனைப் பணியிலிருந்து பிரித்து வளர்க்கப்பட்ட சுகாதார அலுவலர் அணியும், 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டமும் இங்கே உள்ளன. முதியோர் விகிதத்தில் கேரளத்துக்கு அடுத்த நிலையில் நிற்கும் இம்மாநிலத்தில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் ரத்த அழுத்தம் பார்க்கச் செல்லும் வீட்டிலேயே வழுக்கும் குளியலறைத் தரையையும், மங்கிய கண்பார்வையையும், தலைச்சுற்றல் தரும் மாத்திரையையும் கவனித்துக் குறித்துவரலாம். அதற்குப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்ட சுகாதார அலுவலரிடமும் காயத் தடுப்பைப் பெயரிட்டு ஒப்படைக்க வேண்டும். காவல், நெடுஞ்சாலை, வேளாண், தீயணைப்புத் துறைகளின் பதிவுகள் அவர் மேசைக்கு மாதந்தோறும் வர வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒவ்வொரு மரணமும் ஆராயப்பட்டு, எந்த இடத்தில் எது மாற்றப்பட்டது என்பது மக்களுக்கு வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டின் அடுத்த நிதிநிலை அறிக்கையில் காயத் தடுப்புக்கு ஒரு தனித் தலைப்பும் அதற்கு எதிரே ஒரு தொகையும் இடம்பெற வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு. அதை இந்த ஆண்டே கேட்க வேண்டும்.